தொட்டில் டிரைவருக்கு வாங்கிய கம்ப்யூட்டர்

என் தம்பியை டிப்போவில் யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. தொட்டில் என்றுதான் கூப்பிடுவார்கள். அவன் பஸ் ஓட்டினால் நின்றுகொண்டு வருகிறவனுக்கும் கண் சொருகும். பிரேக் போட்டதே தெரியாது. வெளியே கட்டடம் நகராமல் நிற்பதைப் பார்த்துத்தான் ஸ்டாப் வந்துவிட்டது என்று தெரிந்துகொள்வார்கள். முப்பத்திரண்டு வருஷம் அப்படி ஓட்டினான். அவன் வண்டியில் ஏறின யாருக்கும் ஒரு சிராய்ப்புக் கிடையாது.

பெருமைக்காகச் சொல்லவில்லை. அவனிடம் வேறு எந்தச் சாமர்த்தியமும் இல்லை என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். கல்யாணம் பண்ணிக்கொள்ளத் தெரியவில்லை. நாலு பேரிடம் பேசத் தெரியாது. கத்தரிக்காய் சொத்தையா நல்லதா என்று பார்த்து வாங்கத் தெரியாது. என் வீட்டுக்காரர் போன பிறகு எனக்குத் துணையாக இருக்கிறேன் என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தான். யார் யாருக்குத் துணையாக இருந்தது என்று பக்கத்து வீட்டில் கேட்டால் சொல்வார்கள்.

அவனுக்கு ஐம்பத்தைந்தரை வயதானபோது, ஒரு நாள் காலையில், ஸ்டாப்பில் வண்டியை நிறுத்திக் கதவைத் திறந்த நிமிஷத்தில் வலிப்பு வந்தது. அதுதான் முதல் தடவை. கண்டக்டர் பின்னாலிருந்து ஓடி வந்து ஹேண்ட் பிரேக்கை இழுத்தார். ஜனங்கள் நாலு பேர் சேர்ந்து இவனைத் தூக்கி இறக்கி நடைபாதையில் கிடத்தினார்கள். கால்சட்டை நனைந்திருந்தது. ஒருத்தன் போனில் படம் எடுத்தான். "காலங்காத்தாலயே ஊத்திக்கிட்டு வந்துட்டான் பாரு" என்று ஒரு பெண்பிள்ளை சொன்னாளாம். என் தம்பி இருமல் மருந்தையே மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிக்கிறவன்.

ஆஸ்பத்திரியில் மண்டையைப் படம் பிடித்துப் பார்த்தார்கள். காரணம் எதுவும் தெரியவில்லை. சிலருக்கு இந்த வயதில் இப்படி வரும் என்றார் டாக்டர். இரண்டு வேளை மாத்திரை, நல்ல தூக்கம், ஏணியில் ஏறக் கூடாது. கம்பெனிக்காரர்கள் லைசென்ஸை வாங்கி வைத்துக்கொண்டார்கள். இரண்டு வருஷம் ஒரு தடவைகூட வராமல் இருந்தால், டாக்டர் கடிதம் கொடுத்தால், ஓட்டிக் காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு மறுபடி சீட்டில் உட்கார வைப்பார்கள். நடுவில் ஒரு தடவை வந்தாலும் கணக்கு முதலிலிருந்து. ஐம்பத்தெட்டில் ரிட்டையர். ஆக, எல்லாம் ஒழுங்காக நடந்தாலும் அவனுக்குக் கிடைக்கப்போவது ஆறே மாசம்.

"ஆறு மாசத்துக்கு எதுக்குடா இப்படி ஆலாப் பறக்கறே? உக்காந்து சாப்பிடேன்" என்றேன்.

தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "அக்கா, எல்லா டிரைவரும் கடைசி நாள் வண்டிய டிப்போவுல விட்டுட்டு, சாவிய மேஜை மேல வச்சிட்டு, நடந்து வீட்டுக்குப் போவாங்க. என்னைத் தூக்கி இறக்குனாங்க. நானா இறங்கல. ஒரு தடவை ஏறி நானா இறங்கிட்டா போதும்."

அவன் ஒரே மூச்சில் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. அதற்கு மேல் நான் வாயைத் திறக்கவில்லை.

ஆனால் வெளியே நிறையத் திறந்தேன். கேட்டவர்களுக்கெல்லாம் சர்க்கரை குறைந்து மயக்கம் என்று சொன்னேன். பால்காரரிடம் அப்படி, மாடி வீட்டுக்காரியிடம் அப்படி. குடிகாரன் என்று ஒரு பேர் வந்தது போதும், வலிப்புக்காரன் என்று இன்னொன்று எதற்கு? வீட்டுக்குள்ளேயும் அந்த வார்த்தையை வர விடவில்லை. 'அது' என்போம். "அது வந்து எத்தனை மாசம் ஆச்சு?" என்பேன். "ஏழு" என்பான்.

டிப்போவில் அவனுக்கு மத்தியானத்துக்கு மேல் வேலை. பஸ்ஸில் ஜனங்கள் விட்டுவிட்டுப் போகிற சாமான்களை எடுத்து வைக்கிற அறை. குடை, சாப்பாட்டு டப்பா, மூக்குக் கண்ணாடி. ஒரு தடவை ஒற்றைச் செருப்பு வந்ததாம். "ஒத்தக் கால்ல எப்படி இறங்கிப் போயிருப்பான்?" என்று இரண்டு நாள் அதையே யோசித்துக்கொண்டிருந்தான். காலையெல்லாம் வீட்டில் சும்மா. சும்மா என்றால் சும்மா இல்லை. நாற்காலியில் உட்கார்ந்து வலது காலை இலேசாக அழுத்துவான், எடுப்பான். நான் பார்த்தால் நிறுத்திவிடுவான்.

இருபதாவது மாதம் கண்டக்டர் ஒரு சேதியோடு வந்தார். அவர் இவனோடு பதினெட்டு வருஷம் ஒரே வண்டியில் போனவர். வீட்டுக்குள் வரும்போதே விசில் அடிக்கிற மாதிரித்தான் பேசுவார்.

"டிரைவரே, கம்ப்யூட்டர்ல பஸ் ஓட்டுற விளையாட்டு இருக்கு. கண்ணால பாத்துட்டு வரேன். ஸ்டாப்புல நிறுத்தணும், கதவு திறக்கணும், சனம் ஏறணும். அவசரப்பட்டு எடுத்தா உள்ள இருக்கறவன் திட்டுறான்யா!"

"கண்டக்டர் உண்டா?" என்றான் தம்பி.

"அது ஒண்ணுதான் இல்ல. நாசமாப் போறவன் கண்டக்டரே இல்லாம பண்ணிட்டான்."

தம்பி சிரித்தான். பிறகு கையைப் பார்த்துக்கொண்டு, "ஓட்டிக் காட்டச் சொல்லும்போது கை மறந்திருந்தா?" என்றான். அந்தப் பயம் அவனுக்கு இருக்கிறது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

சாதாரண கம்ப்யூட்டரில் அந்த விளையாட்டு ஓடாதாம். தனித்தனியாகச் சாமான் வாங்கி, அதற்கென்றே கோத்துக் கட்ட வேண்டுமாம். சரி, கட்டுவோம் என்று மூன்று பேரும் கிளம்பினோம். நான் எதற்குப் போனேன்? இவர்கள் இரண்டு பேரையும் தனியாக விட்டால் கடைக்காரன் சொன்னதையெல்லாம் தலையில் கட்டிக்கொண்டு வருவார்கள். அதற்குத்தான்.

அந்தத் தெரு முழுக்கக் கம்ப்யூட்டர் கடைகள். நாலு கடையில் கேட்டோம். ஒருத்தன் எங்கள் மூன்று பேர் தலைமுடியின் வெள்ளையைப் பார்த்துவிட்டு, "பேரப்பிள்ளைக்கா?" என்று கேட்டுச் சிரித்தான். "உங்க அப்பாவுக்கு" என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன். ஐந்தாவது கடை ஒரு மாடிப்படி ஏறி, இரண்டு ஆள் நின்றால் மூன்றாவது ஆள் மூச்சு விட முடியாத அளவு. உள்ளே ஒரு பெண். முப்பத்தைந்து இருக்கும். கொண்டையில் ஸ்க்ரூ டிரைவரைச் செருகியிருந்தாள். எனக்கு அவளைப் பிடித்துவிட்டது.

"என்ன விளையாட்டும்மா?" என்றாள்.

"பஸ் ஓட்டுறது."

"பஸ்ஸா? இங்க வர்றவங்க எல்லாம் துப்பாக்கில சுடறதுக்குத்தான் வருவாங்க."

"இவன் கொசுவைக்கூட வெளிய போன்னுதான் சொல்லுவான். நீ பஸ்ஸைக் காட்டு."

எவ்வளவுக்குள் முடிக்க வேண்டும் என்று கேட்டாள். சொன்னேன். உதட்டைப் பிதுக்கினாள், ஆனால் முடியாது என்று சொல்லவில்லை. ஒரு அட்டையைத் திருப்பிப் போட்டு எழுத ஆரம்பித்தாள். தெருவே நடமாடுகிற விளையாட்டு என்பதால் மூளைக்கு வேலை ஜாஸ்தி, அதனால் ப்ராசசரில் ரொம்பக் கீழே இறங்க வேண்டாம், ஆனால் இந்த வருஷத்து மாடல் தேவையில்லை, போன தடவை வந்தது போதும் என்றாள். படம் காட்டுவதற்கு ஒரு கார்டு. அது புதிதாக வாங்கினால் மற்றதெல்லாம் வாங்க முடியாது. ஆகவே பழசு. ஒன்றை எடுத்தாள், விசிறியைக் கழற்றினாள், தூசியை ஊதினாள், மேஜையில் மாட்டி அரைமணி நேரம் ஓட விட்டு, கையை வைத்துச் சூடு பார்த்தாள். வேண்டாம் என்று ஓரமாக வைத்துவிட்டு இன்னொன்றை எடுத்தாள். எந்த வியாபாரி தன் சாமானைத் தானே வேண்டாம் என்பான்? அவள் சொன்னாள்.

"இந்தக் கார்டு நல்லது. ஆனா இந்தக் கேபினெட்ல ஃபிட் ஆகாது. ரெண்டு விரக்கடை நீளம். அந்தக் கேபினெட்டுன்னா ஃபிட் ஆகும், அதுக்கு இந்த போர்டு ஃபிட் ஆகணும்."

அவள் ஃபிட், ஃபிட் என்று சொல்லும்போதெல்லாம் என் தம்பி கண்ணை ஒரு தடவை மூடித் திறந்தான். ஆஸ்பத்திரியில் வார்டு முழுக்க அதைத்தானே சொன்னார்கள். ஃபிட்ஸ் கேஸ் எந்தப் படுக்கை, ஃபிட்ஸ் கேஸுக்கு மாத்திரை கொடுத்தாச்சா. கம்பெனியில் கேட்பதும் அந்த வார்த்தைதான். டியூட்டிக்கு ஃபிட்டா, ஃபிட் இல்லையா. ஒரே வார்த்தை ஒருத்தனை எத்தனை பக்கம்தான் குத்தும்.

கரண்டு கொடுக்கிற டப்பாவில் நான் பேரம் பேசப் பார்த்தேன். அவள் ஸ்க்ரூ டிரைவரைக் கொண்டையிலிருந்து உருவி என் முன்னால் நீட்டினாள். "இதுல மட்டும் மிச்சம் பிடிக்காதீங்கம்மா. மட்டமான டப்பா போட்டா, போறப்ப தனியாப் போகாது, எல்லாத்தையும் கூட்டிக்கிட்டுப் போகும்."

"என் மாமியார் மாதிரி" என்றேன்.

கண்டக்டர் விழுந்து விழுந்து சிரித்தார். பெட்டிக்குள் கலர் கலராக விளக்கு எரிகிறது ஒன்றைக் காட்டினாள். விளக்கு வேண்டாம், எங்கள் வீட்டில் பார்க்கிறவன் யாரும் இல்லை என்றேன். மூலையில் தூசி மூடிக் கிடந்த கறுப்புப் பெட்டி ஒன்றை எடுத்துத் துடைத்துக் கொடுத்தாள்.

அதற்குப் பிறகு ஸ்டீயரிங். யாரோ விற்றுவிட்டுப் போனது, மேலே தோல் உரிந்திருந்தது, கீழே மூன்று பெடல். அதைச் சுவரோரம் ஒரு பலகையில் மாட்டித் தம்பியை ஸ்டூலில் உட்கார வைத்தாள். அவன் இரண்டு கையையும் அதன் மேல் வைத்தான். இருபது மாசத்தில் அவன் தோளின் விறைப்பு இறங்கி நான் பார்த்தது அந்த நிமிஷம்தான். கண்டக்டர் பின்னால் நின்று, "ரைட், ரைட்! படியில நிக்காத, உள்ள போ!" என்றார். கடைக்குப் படியேறி வந்த யாரோ ஒருத்தன் நிஜமாகவே உள்ளே நகர்ந்தான்.

ஸ்டீயரிங்கை எடுத்துக்கொண்டதால் திரைக்குக் கொஞ்சம் பணம்தான் மிஞ்சியது. இரண்டு வழி இருந்தது. ஒன்று சின்னது, புதுசு. இன்னொன்று அகலமானது, பழசு. இரண்டும் ஒரே விலை. தம்பி அகலமானதைப் பார்த்தான். "கண்ணாடி அகலமா இருந்தாத்தான்க்கா ஓரத்துல வர்றவன் தெரிவான்" என்றான். சொல்லிவிட்டு மறுபடி ஸ்டீயரிங்கிடம் போய்விட்டான். கண்டக்டரும் அவன் பின்னால் போனார்.

கடைக்காரி பெரிய திரையைப் போட்டுக் காட்டினாள். ஓரத்தில் வெளிச்சம் துடித்தது, கெட்டுப்போன குழல் விளக்கு மாதிரி. தட்டினாள், நின்றது. மறுபடி துடித்தது.

"பெருசுதாம்மா. ஆனா வயசாயிடுச்சு. வெளிச்சத்தைக் குறைச்சா ஜாஸ்தியாத் துடிக்கும்." பிறகு என் பக்கம் திரும்பி, குரலைக் கொஞ்சம் தாழ்த்திக் கேட்டாள். "வீட்ல யாருக்கும் ஃபிட்ஸ் கிட்ஸ் வர்றதில்லையே? இருந்தா சொல்லிடுங்க. இது வேணாம், சின்னதையே எடுத்துக்கங்க."

எனக்கு நன்றாகக் காதில் விழுந்தது. நான் அவனைப் பார்த்தேன். அவன் முதுகு தெரிந்தது. கண்டக்டர் ஏதோ சொல்ல, அந்த முதுகு சிரித்துக் குலுங்கியது.

"எங்க வீட்ல எல்லாரும் ஃபிட்டுதான்மா. நான்தான் கொஞ்சம் லூசு" என்றேன்.

அவள் சிரித்துக்கொண்டே பெரிய திரையைக் கட்டிக் கொடுத்தாள்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று எத்தனையோ காரணம் தேடியாயிற்று. அவன் முகம் வாடக் கூடாது என்பது ஒன்று. ஆனால் உண்மையைச் சொன்னால், வாய் பழகிவிட்டது. இருபது மாசம் யார் கேட்டாலும் இல்லை என்று சொன்ன வாய். யோசிப்பதற்கு முன்னால் அதுவே சொல்லிவிட்டது.

ஏழு வாரம் வீடு வீடாக இருந்தது. காலையில் குளித்து, காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு ஒன்பது மணிக்கு உட்கார்ந்துவிடுவான். சட்டை எதற்குடா என்று கேட்டேன். "சட்டை இல்லாம எப்படிக்கா பஸ் எடுக்கறது?" என்றான். நான் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து வெங்காயம் உரிப்பேன். ஏதோ ஒரு ஊர், அகலமான தெரு, மழை, பாலம். ஸ்டாப் வந்தால் திரைக்குள் ஜனங்கள் ஏறுவார்கள். ஒரு கிழவி கையில் பையோடு மெதுவாக ஏறுவாள். அவள் உட்காரும் வரைக்கும் வண்டியை எடுக்க மாட்டான். விளையாட்டில் நேரமாகிவிட்டது என்று சிவப்பாக எழுதிக் காட்டும். அதைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டான்.

"அவ நிஜம் இல்லடா, எடு" என்பேன்.

"விழுந்துடுவா, இருக்கா" என்பான்.

லீவு நாளில் கண்டக்டர் வந்து பின்னால் நின்று விசில் ஊதுவார். மாடி வீட்டுக்காரி இறங்கி வந்து என்ன சத்தம் என்று கேட்டாள். பஸ் வந்திருக்கிறது, ஏறுகிறாயா என்றேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நாள் தொடர்ந்து நான் சிரித்ததில்லை.

திரை நாளுக்கு நாள் கூடுதலாகத் துடித்தது. நான் அதன் தலையில் தட்டுவேன், நிற்கும். கண்ணில் தண்ணீர் வருகிறது என்று அவன் வெளிச்சத்தைக் குறைத்து வைத்துக்கொண்டான். குறைக்காதே என்று நான் சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏன் என்று கேட்பான். சொல்லவில்லை.

இருபத்திரண்டு மாசம் முடிய மூன்று நாள். பதினோரு மணி இருக்கும். அவன் பஸ் ஒரு சுரங்கப்பாதைக்குள் போனது. விளக்கு விளக்காகப் பின்னால் போய்க்கொண்டிருந்தது, திரையின் ஓரமும் சேர்ந்து துடித்தது. எஞ்சின் சத்தம் ஏறிக்கொண்டே போனது. தொட்டில் ஒரு நாளும் அப்படி மிதிக்க மாட்டான். நிமிர்ந்து பார்த்தேன். அவன் கால் விறைத்துப் பெடலை அழுத்திக்கொண்டிருந்தது. தலை ஒரு பக்கமாகத் திரும்பியிருந்தது.

நாற்காலியிலிருந்து நான்தான் இறக்கினேன். எனக்கு அறுபத்தொன்பது வயது. எங்கிருந்து பலம் வந்தது என்று தெரியாது. ஒருக்களித்துப் படுக்க வைத்து, அருவாமனையைத் தள்ளி வைத்து, நர்ஸ் சொல்லிக் கொடுத்தபடி வாயில் எதையும் வைக்காமல், பக்கத்தில் உட்கார்ந்து எண்ணினேன். நூற்றுப் பத்து வரை எண்ணினேன். திரையில் பஸ் சுவரில் முட்டிக்கொண்டு நின்று உறுமியது.

கண் திறந்ததும், "வண்டி எங்க?" என்றான்.

"நின்னுடுச்சுடா" என்றேன்.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் சட்டையைப் பார்த்தான், கால்சட்டையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

சாயங்காலம் கண்டக்டரை வரச் சொன்னேன். அவர் கதவைச் சாத்திவிட்டு மெதுவாகப் பேசினார். அவர் மெதுவாகப் பேசி அன்றைக்குத்தான் கேட்டேன்.

"யாருக்குத் தெரியும், சொல்லுங்க? நாலு சுவத்துக்குள்ள நடந்தது. நாம மூணு பேர். ரெண்டே மாசம் டிரைவரே. வாயை மூடிக்கிட்டு இருந்துட்டா முடிஞ்சது."

"ஆமாண்டா. டாக்டர் கேட்டா ஒண்ணும் வரலன்னு சொல்லு. உனக்கு வாய் வராட்டி நான் சொல்றேன்" என்றேன்.

தம்பி தண்ணீர் டம்ளரைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தான்.

"சுரங்கப்பாதைல இருந்தேன்க்கா. உள்ள நாப்பது பேர் இருந்தாங்க."

"பொம்மைடா அவங்க!"

"இந்தத் தடவை பொம்மை" என்றான்.

கண்டக்டர் தலையைக் குனிந்துகொண்டார். மறு வாரம் டாக்டரிடம் அவனே சொன்னான். தேதி, மணி, எவ்வளவு நேரம், எல்லாம். நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். டாக்டர் பேனாவை வைத்துவிட்டு, அப்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று கேட்டார். சொன்னான். திரை துடித்ததா என்று கேட்டார். கொஞ்சம் என்றான்.

"அதனாலயும் இருக்கலாம், அது இல்லாமலும் வந்திருக்கலாம். இப்ப யாராலயும் சொல்ல முடியாது. வாங்கும்போது கடையில சொன்னீங்களா?"

"அந்தக் கடைக்காரம்மா ரொம்ப நல்லவங்க சார். கார்டையே வேணாம்னு எடுத்து வச்சவங்க. அப்படி ஏதாவது இருந்தா அவங்களே கேட்டிருப்பாங்க" என்றான் என் தம்பி.

சுவரில் மூளைப் படம் ஒன்று மாட்டியிருந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். டாக்டர் பழைய தேதியை அடித்துவிட்டுப் புதுத் தேதி எழுதினார். அதிலிருந்து இரண்டு வருஷம் என்றால் அவனுக்கு அறுபது நெருங்கிவிடும். ஐம்பத்தெட்டில் ரிட்டையர் என்பது டாக்டருக்குத் தெரியாது. அவர் பாட்டுக்கு, "மனசை விட்டுடாதீங்க, ரெண்டு வருஷம் ஓடிடும்" என்றார். தம்பி, "சரிங்க சார்" என்றான்.

வீட்டுக்கு வந்து ஒரு வாரம் கழித்து, மெஷினைக் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றான். கிடக்கட்டும் என்றேன். நானே போகிறேன் என்றேன். குப்பைக்காரனிடம் போட்டுவிடலாம் என்றேன்.

"நல்ல சாமானைப் போய் ஏன்க்கா குப்பைல போடணும்? வேற யாராவது ஓட்டட்டும்."

கண்டக்டரும் அவனும் ஒரு வாடகை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். நான் அடுப்படியில் உட்கார்ந்திருந்தேன். ஒரு வேலையும் ஓடவில்லை. இப்போது படி ஏறியிருப்பான், இப்போது அவள் ஏன் என்று கேட்டிருப்பாள், இப்போது இவன் வெட்கப்படாமல் சொல்லியிருப்பான். அவன் எதையும் மறைக்கத் தெரியாதவன். எல்லாச் சாமர்த்தியத்தையும் நானே எடுத்துக்கொண்டு பிறந்துவிட்டேன்.

திரும்பி வந்தவன் செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றான்.

"கடைக்காரம்மா அழுதுட்டாங்க" என்றான். "அன்னைக்கே கேட்டாங்களாமே."

நான் முந்தானையில் கையைத் துடைத்தேன்.

"நாள் பூரா ஃபிட்டு, ஃபிட்டுன்னு பேசிக்கிட்டிருந்தோம், அம்மா வேற மாதிரிப் புரிஞ்சிக்கிட்டிருப்பாங்க, பாவம், அவங்களைத் திட்டாதீங்கன்னு சொல்றாங்க." என் முகத்தைப் பார்த்தான். "அப்படித்தானேக்கா?"

நான் தப்பித்துப் போக அவனே கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்கிற மாதிரி இருந்தது. ஆமாம் என்று ஒரு வார்த்தை. பால்காரருக்குச் சொன்னேன், மாடி வீட்டுக்காரிக்குச் சொன்னேன், ஊருக்கே சொன்னேன். அந்த ஒரு பொய்யைத்தான் சொல்ல வேண்டியிருந்தது. அது மட்டும் வாயில் வரவில்லை.

"இல்லடா. சரியாத்தான் காதுல விழுந்துச்சு. தெரிஞ்சேதான் சொன்னேன்" என்றேன்.

அவன் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தான். திட்டுவான் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நானும் திருப்பித் திட்டியிருப்பேன், இரண்டு பேரும் அழுதிருப்போம். கை கால் கழுவிக்கொண்டு அவன் அறைக்குப் போய்விட்டான்.

கண்டக்டர் பல தடவை சொல்லிவிட்டார், திரை இல்லாமலும் வந்திருக்கும் அக்கா, டாக்டரே சொன்னாரே என்று. டாக்டர் இரண்டையும்தான் சொன்னார். எனக்கு எது வேண்டுமோ அதை எடுத்துக்கொள்ளலாம் என்றால், எடுத்துக்கொள்ள மனசு வரவில்லை.

ஐம்பத்தெட்டு முடிந்த அன்றைக்கு டிப்போவுக்குப் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தான். தொலைந்த சாமான் அறைச் சாவியை மேஜையில் வைத்தானாம். கண்டக்டர்தான் சொன்னார். பஸ்ஸில்தான் திரும்பி வந்தான், பின் சீட்டில் உட்கார்ந்து.

அவன் என்னிடம் பேசாமல் இல்லை. காய் வாங்கி வருகிறான், சொத்தைதான். தண்ணீர் பிடித்து வைக்கிறான். மாத்திரையை நேரத்துக்குப் போடுகிறான். நான் பதினோரு வயதில் இடுப்பில் தூக்கிச் சுமந்த பிள்ளை அவன். பேசத் தெரிந்த நாளிலிருந்து என்னை நீ, வா, போ என்றுதான் சொல்வான். கம்ப்யூட்டர் கடைக்குப் போய் வந்ததற்கு மறுநாள் காலையில் ஆரம்பித்தது.

"காப்பி வேணுமாடா?" என்றேன்.

"வேணாம். நீங்க சிரமப்படாதீங்க" என்றான்.

முன்பின் தெரியாத கிழவி பஸ்ஸில் ஏறினால் அவளிடம் எப்படிப் பேசுவானோ, அதே குரல். மரியாதைக்கு ஒரு குறையும் கிடையாது. அக்கா என்கிற வார்த்தை அன்றோடு போயிற்று. கூப்பிட வேண்டியிருந்தால் தொண்டையைக் கனைக்கிறான். டேய், நீன்னு சொல்லுடா என்று ஒரு நாள் கத்தியே விட்டேன். "சரிங்க" என்றான்.

இன்று மத்தியானமும் தட்டைக் கழுவி வைத்துவிட்டு அடுப்படி வாசலில் நின்று கனைத்தான்.

"நீங்க சாப்பிட்டீங்களா?"

சாப்பிட்டேன் என்றேன். சாப்பிடவில்லை.